கொசுக்கடிக்குக் காவல்: வீட்டு விரட்டிகளின் வலிமையும் எல்லையும்

பொழுது புலருமுன் தலைவிளக்கை ஏற்றிக்கொண்டு வெட்டு நிரைக்குப் புறப்படும் பால்வெட்டுத் தொழிலாளிக்கும், ஓய்வு நாளின் மாலையில் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரையை நாடும் அன்பருக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. அது கொசு. விரல் நுனியில் நசுங்கிப் போகும் இச்சிற்றுயிர், மனிதனை நோயில் கிடத்தும் ஆற்றல் படைத்தது. கவனக் குறைவாக இருந்தால் உயிரையும் பறிக்க வல்லது.

இப்பகைக்கு எதிராக நம் மக்கள் பலவகை வீட்டு மருந்துகளைக் கையாண்டு வருகின்றனர். செராய் எண்ணெய் பூசுவோர் உளர். வேப்பெண்ணெய் தடவுவோர் உளர். தேங்காய் மட்டையைப் புகைப்போரும் உளர். இவற்றுள் எது பயன் தரும்? எவ்வளவு நேரம் பயன் தரும்? எது வீண் நம்பிக்கை? எது ஆபத்து? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொசு நம்மை எவ்வாறு கண்டறிகிறது?

ஆண் கொசு பூந்தேனையும் செடிகளின் சாற்றையும் உண்டு வாழ்கிறது. பெண் கொசுவே முட்டையிடுதற்பொருட்டு இரத்தத்தை நாடுகிறது. நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள கரிவளி அதற்கு முதல் வழிகாட்டி. அருகில் வந்ததும் உடலின் வெப்பமும், வியர்வையின் மணமும் அதனை நேரே தோலுக்கு அழைத்து வருகின்றன. உழைத்து வியர்த்த உடலைக் கொசு மிகுதியாக நாடுவதன் காரணம் இதுவே. கருநிற உடைகளும் அதனை ஈர்க்கும்.

கொசுவிரட்டி என்பது கொசுவைக் கொல்லும் நஞ்சன்று. தோலின்மீது தங்கி, மெல்ல ஆவியாகி, கொசுவின் மோப்ப உணர்வைக் குழப்புவதே அதன் வேலை. எண்ணெயின் மணப்பொருள் ஆவியாகித் தீர்ந்தவுடன் காவலும் தீர்ந்துவிடும். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், வீட்டு விரட்டிகளைப் பற்றிய ஏனைய செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

தோட்டமும் கொசுவும்: ஒரு பழைய பாடம்

கொசு மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான சான்றினை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் 1897ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்திராபாத் நகரில் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1901ஆம் ஆண்டில், மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழிக்கும் பணியைத் தொடங்கினார். அங்கே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

ஆயின் அதே முறை மலைப்பாங்கான தோட்டங்களில் பலிக்கவில்லை. காட்டை வெட்டி ஓடைகளைத் திறந்துவிட்ட இடங்களில் மலேரியா குறைவதற்கு மாறாகப் பெருகிற்று. காரணம் என்ன? சமவெளியின் நிழற்சதுப்பில் வளர்ந்த கொசு ஓர் இனம். மலையோரத்தில் வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்ந்த கொசு மற்றோர் இனம். முன்னதற்கு ஏற்ற மருந்து பின்னதற்குத் தீங்காயிற்று. அக்காலத் தோட்டங்களில் நம் முன்னோர் பலர் இக்காய்ச்சலுக்கு இரையாயினர். கொசுவின் இனத்தையும், அது வளரும் இடத்தையும், அது கடிக்கும் நேரத்தையும் அறியாமல் அதனை வெல்ல இயலாது என்பதே அவர்கள் விட்டுச்சென்ற பாடம்.

எந்த நேரத்தில் எந்தக் கொசு?

நாம் அறிந்துகொள்ள வேண்டிய கொசுக்கள் மூன்று வகை.

முதலாவது ஏடிஸ். கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளும் வரிகளும் கொண்டது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்புவது இதுவே. இது பகலில் கடிக்கும். விடிந்த பின் வரும் முதல் சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்திய நேரமும் இதன் வேட்டைக் காலம். முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடுடைய ஓர் ஏடிஸ் வகை, தோட்டங்களிலும் தோப்புகளிலும் மரநிழலில் மிகுதியாக வாழ்கிறது. பால்வெட்டும் நேரமும் இதன் வேட்டை நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவது நமக்கு நேர்ந்த தொல்லை.

இரண்டாவது அனோபிலிஸ். மலேரியாவைப் பரப்புவது. இது மாலை மங்கிய பின் கடிக்கத் தொடங்கும். காட்டையொட்டிய ஓடைகளில் இரவில் மீன்பிடிப்போர் அஞ்ச வேண்டியது இதற்கே.

மூன்றாவது கியூலெக்ஸ். சாக்கடை நீரிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் வளர்ந்து, இரவில் நம் வீடுகளில் ரீங்காரமிடுவது இதுவே.

கடலோரக் கழிமுகங்களில் மீன்பிடிப்போரை அகாஸ் எனப்படும் நுண்ணிய கடிபூச்சிகளும் வாட்டுவதுண்டு. இவை மிகச் சிறியவையாதலால், தோலில் படிந்த எண்ணெய்ப் பூச்சே இவற்றைச் சிக்கவைத்துத் தடுத்துவிடும். வெறும் தேங்காய் எண்ணெய் ஓரளவு பயன் தருவது இத்தகைய பூச்சிகளுக்கே. கொசுவுக்கு அது போதாது.

செராய் வாங்கி எண்ணெய்

சமையலில் இடும் செராய் வேறு. மணத்தைலம் எடுக்கும் செராய் வாங்கி வேறு. பின்னதன் அடித்தண்டு செந்நிறம் கலந்திருக்கும், அதனை உண்பதில்லை. கொசுவை விரட்டும் ஆற்றல் இதன் எண்ணெயில் மிகுதி.

வடித்தெடுத்த தைலம் மருந்துக் கடைகளிலும் சந்தைகளிலும் கிடைக்கிறது. அதனை அப்படியே தோலில் பூசலாகாது. எரிச்சலும் கொப்புளமும் உண்டாகலாம். ஒரு தேக்கரண்டித் தைலத்துக்கு ஒன்பது தேக்கரண்டித் தேங்காய் எண்ணெய் என்ற அளவில் கலக்க வேண்டும். தோல் மென்மையாக உடையவர்கள் ஒன்றுக்குப் பத்தொன்பது என்ற அளவில் கலப்பது நலம்.

தைலம் கிடைக்காதவர்கள் வீட்டிலேயே காய்ச்சிக் கொள்ளலாம். செராய் வாங்கியின் தண்டையும் இலையையும் நறுக்கி இடித்து, அவை மூழ்குமளவு தேங்காய் எண்ணெய் ஊற்றி, அப்பாத்திரத்தைக் கொதிநீர் உள்ள மற்றொரு பெரிய பாத்திரத்தினுள் வைத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் சிறுதீயில் சூடாக்க வேண்டும். எண்ணெயை நேரடியாக அடுப்பில் வைத்தால் மணப்பொருள் ஆவியாகிப் போவதுடன் தீப்பற்றவும் கூடும். ஆறியதும் வடிகட்டி, நிறமுள்ள புட்டியில் அடைத்து, பெயரெழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். இவ்வாறு காய்ச்சிய எண்ணெய், வடித்த தைலக் கலவையைவிட வலிமை குறைந்தது என்பதை மறத்தலாகாது.

இதன் காவல் எவ்வளவு நேரம் நீடிக்கும்? அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2002ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. தன்னார்வலர் 15 பேர், பல்வேறு விரட்டிகளைப் பூசிய தம் கைகளைப் பசித்த கொசுக்கள் அடைத்த கூண்டுக்குள் நீட்டினர். செராய் எண்ணெய் கலந்த பொருள்களுள் பெரும்பாலானவை 20 நிமிடங்கூடக் காவல் தரவில்லை. சோயா எண்ணெய் கலந்த ஒரு பூச்சு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் காத்தது. டீட் என்னும் மருந்து 23.8 விழுக்காடு கலந்த பூச்சோ ஏறத்தாழ 5 மணி நேரம் காத்தது. மணிக்கட்டில் கட்டும் கொசுவிரட்டிப் பட்டைகள் காவல் தந்தன என்று சொல்வதற்கே இடமில்லை.

ஆகவே செராய் எண்ணெய் பயனற்றது என்று தள்ளிவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. மாலையில் அரைமணி நேரம் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருப்போருக்கு அது போதும். தூண்டிற்காரரும் அரைமணிக்கு ஒருமுறை மறவாது மீண்டும் பூசிக்கொள்வாராயின் ஓரளவு பயன் பெறுவார். காலையில் ஒருமுறை பூசியதை நம்பி நண்பகல் வரை காட்டில் நிற்பவரோ காவலின்றி நிற்பவரேயாவார்.

வேப்பெண்ணெய்

கோயிலடியிலும் வீட்டோரத்திலும் நாம் போற்றி வளர்க்கும் வேம்பு, கொசுவிரட்டியாகவும் பயன்படுகிறது. தேங்காய் எண்ணெயில் 2 விழுக்காடு வேப்பெண்ணெய் கலந்து பூசியபோது, மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுக்களிடமிருந்து 12 மணி நேரம் வரை காவல் கிட்டியதாக 1993ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று கூறிற்று. பிற சோதனைகளில் இத்துணை நீண்ட பலன் காணப்படவில்லை. ஆதலின் இதனையும் துணைக்காவலாகக் கொள்வதே முறை. அளவு எளிது: 250 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், வேப்பெண்ணெய்.

இங்கே தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேப்பெண்ணெய் மேலுக்குப் பூசுவதற்கே உரியது. கைக்குழந்தைகளுக்குச் சளிக்காகவும் வயிற்றுக் கோளாறுக்காகவும் அதனை உள்ளுக்குப் புகட்டும் வழக்கம் சில குடும்பங்களில் இருந்து வந்தது. அதனால் வாந்தி, மயக்கம், வலிப்பு ஆகியவை கண்டு, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டிலேயே லான்செட் என்னும் மருத்துவ இதழில் எழுதியுள்ளனர். வேம்பு நல்லது என்பதனால் அதன் எண்ணெயைப் புகட்டுவதும் நல்லதாகிவிடாது. ஒரு துளியும் குழந்தையின் வாய்க்குள் செல்லலாகாது.

புகையும் கொசுவத்தியும்

தேங்காய் மட்டை, காய்ந்த வேப்பிலை முதலியவற்றைப் புகைத்தால் அப்புகை சூழ்ந்துள்ள வரையில் கொசு குறையும். காற்று வீசும் குளக்கரையில் புகை ஒரு பக்கமும் கொசு மறுபக்கமுமாகப் போய்விடும்.

பால்வெட்டும்போது கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வது நம்மிடையே நெடுநாள் வழக்கம். திறந்த வெளியில் இது ஓரளவு பயன் தரும். எனினும் சுருளைத் தகரக் கூட்டில் வைத்தே தொங்கவிட வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில், நிரையெங்கும் சருகு நிறைந்திருக்கையில், கீழே விழுந்த ஒரு கங்கு நெருப்பாய் மூள வல்லது.

படுக்கையறையின் சன்னல்களை அடைத்துவிட்டுக் கொசுவத்தியைக் கொளுத்துவது தீங்கானது. சீன, மலேசியக் கொசுவத்திகளைச் சோதித்து 2003ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிப்படும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதால் வெளிப்படும் துகளுக்கு ஒப்பானது என்று கணக்கிட்டது. பிள்ளைகள் உறங்கும் அறைக்கு வலையே தகுந்த காவல்.

பூசும் முறை

எவ்வகைப் பூச்சாயினும் கீழ்க்கண்டவற்றை நினைவிற்கொள்க.

1. புதிய எண்ணெயை முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஒருநாள் பாருங்கள். தோல் சிவந்தாலோ அரித்தாலோ அது உங்களுக்கு ஏற்றதன்று.

2. கணுக்கால், கெண்டைக்கால், கழுத்தின் பின்புறம், காதோரம் ஆகிய இடங்களைத் தவறவிடாதீர்கள். ஒரு கையகலம் விடுபட்டாலும் கொசு அவ்விடத்தைக் கண்டுகொள்ளும்.

3. கண், உதடு, புண், வெட்டுக்காயம் ஆகியவற்றில் படக்கூடாது.

4. பூசியபின் உள்ளங்கைகளை நன்கு துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கையில் பால்வெட்டும் கத்தி வழுக்கும், தூண்டிற்கோலும் வழுக்கும்.

5. வியர்வையும் மழையும் பூச்சைக் கழுவிவிடும். வியர்த்தபின் துடைத்துவிட்டு மீண்டும் பூச வேண்டும்.

6. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கு எந்த விரட்டியும் பூசவேண்டாம், வலைக்குள் படுக்கவையுங்கள்.

மண்ணெண்ணெயையும், பூச்சிகொல்லி மருந்துகளையும் உடம்பில் தடவிக்கொள்வோர் சிலர் உளர். இது பெருந்தவறு. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். செடிக்கும் மரத்துக்கும் தெளிக்கும் நஞ்சு தோல் வழியாகவே உடலுக்குள் புகும்.

வீட்டு மருந்து போதாத இடம்

காட்டையொட்டிய தோட்டத்தில் வேலை செய்வோரும், காட்டாற்றங்கரையில் இரவில் தங்கி மீன்பிடிப்போரும் வீட்டு எண்ணெயை மட்டும் நம்புதல் தகாது. இதற்கு வலுவான காரணம் உண்டு.

2018ஆம் ஆண்டில், மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவால் பரவும் மலேரியா, உள்நாட்டில் ஒருவருக்கேனும் தோன்றியதாக மலேசியாவில் பதிவாகவில்லை. இது பெருமைப்படத்தக்க வெற்றியே. ஆனால் அதே ஆண்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேறொரு மலேரியாவுக்கு ஆளாயினர். அது குரங்கு மலேரியா எனப்படும் நோலெசி. காட்டிலுள்ள நீள்வால் குரங்குகளிடமும் பெரோக் குரங்குகளிடமும் இருக்கும் கிருமியைக் கொசு மனிதருக்குக் கொணர்கிறது. பகாங் காட்டுக்குச் சென்ற அமெரிக்கர் ஒருவரிடம் 1965ஆம் ஆண்டில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சரவாக்கின் காப்பிட் பகுதியில் பலர் இந்நோயால் பீடிக்கப்பட்டிருந்ததைப் பேராசிரியர் பல்பீர் சிங் தலைமையிலான மலேசிய ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். இக்கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவது. ஆகவே நோய் விரைவில் முற்றிவிடும், உயிரிழந்தோரும் உளர்.

இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் டீட் கலந்த பூச்சினை மருந்துக் கடையில் வாங்கி, புட்டியில் குறித்துள்ளபடி பயன்படுத்துவதே தக்கது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைவீரர்களின் பயனுக்காக உருவாக்கப்பட்ட இம்மருந்து, 1957ஆம் ஆண்டு முதல் பொதுமக்களின் பயன்பாட்டில் இருந்து வருகிறது. மூக்குக்கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரம் போன்ற சில நெகிழிப் பொருள்களை இது கெடுக்கும். ஆதலின் பூசியபின் கையைக் கழுவுக. இதனுடன் வெளிர்நிற முழுக்கைச் சட்டையும், காலுறைக்குள் செருகிய நீண்ட காற்சட்டையும் சேர்ந்தால் காவல் வலுப்பெறும். உடையைப் போன்று மலிவானதும் நேரம் கழிந்தாலும் தீராததுமான விரட்டி வேறில்லை.

மங்கைக் கவிழ்ப்போம்

கடிக்க வந்த கொசுவை விரட்டுவது ஒரு காவல். கொசுவே பிறவாமற் செய்வது அதனினும் பெரிய காவல். ஏடிஸ் கொசு தெளிந்த தேங்கு நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாட்களே போதும். வெட்டு நிறுத்தப்பட்ட நிரைகளில் வானம் பார்த்துக் கிடக்கும் பால்மங்கு ஒவ்வொன்றும், மழை பெய்தவுடன் ஒரு கொசுத்தொட்டிலாகிவிடுகிறது. உடைந்த மங்கு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, வாளி ஆகியவையும் அவ்வாறே. முட்டைகள் நீரின்றி உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும்.

எனவே வெட்டு நிறுத்தும் நாளில் மங்குகளைக் கவிழ்த்து வைப்பதும், வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றிலும் பார்த்து நீரைக் கொட்டுவதும் கடமையாகும். ஏடிஸ் தான் பிறந்த இடத்தைவிட்டு நெடுந்தொலைவு பறப்பதில்லை. நம்மைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் நம் நிரையிலோ நம் லயத்திலோ பிறந்ததேயாகும். கொசு வளர இடங்கொடுப்பது, நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

காய்ச்சல் கண்டால்

எத்துணைக் காவல் செய்தும் காய்ச்சல் கண்டுவிடின், கைமருந்தில் நாளைக் கழிக்காமல் மருத்துவமனைக்குச் செல்க, இரத்தத்தைச் சோதித்துக்கொள்க. காட்டுக்கோ காட்டாற்றுக்கோ சென்று வந்திருந்தால் அதனை மருத்துவரிடம் நீங்களாகவே கூறுங்கள். அந்த ஒரு சொல்லே மலேரியாச் சோதனைக்கு வழிகாட்டும். டிங்கியாக இருக்கக்கூடும் என்ற ஐயமிருக்கையில் ஆஸ்பிரின் மாத்திரை உட்கொள்ளலாகாது. இரத்தக் கசிவை அது மிகுதிப்படுத்தும். காய்ச்சல் தணிந்ததும் நோய் தீர்ந்துவிட்டதென எண்ணி ஏமாற வேண்டாம். டிங்கியில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

செராயும் வேம்பும் நமக்குக் கிடைத்த நல்ல துணைகள். அவற்றின் வலிமையை அறிந்து பயன்படுத்துவோம். அவற்றின் எல்லையையும் அறிந்து நடப்போம். முற்றத்துக்கு வீட்டு எண்ணெய், காட்டுக்கு மருந்துக்கடைப் பூச்சு, உறக்கத்துக்கு வலை, எந்நாளும் கவிழ்த்த மங்கு. இந்நான்கையும் கைக்கொள்ளும் குடும்பத்தில் காய்ச்சல் எளிதில் அடியெடுத்து வைக்காது. வெள்ளம் வருமுன் அணை கோலுவது அறிவுடைமை. கொசு கடிக்குமுன் காவல் செய்துகொள்வதும் அத்தகையதே.